பொருள் எண் ஒன்று

உபியில் ஏழாம் மாடி. கார் பட்டறைகளுக்கு மேலே
வாடகை குறைவென்று பிடித்த அறை.
ஏசி பதினெட்டில், நான் ஸ்வெட்டரில்.
கறுப்பு அலமாரிக்குள் ஒரே ஒரு சர்வர்,
விசிலே வராத குக்கர் மாதிரி
இரைந்துகொண்டிருக்கிறது.

துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் பதினோரு பெட்டிகள்
ஸ்கேன் ஆகி வந்துவிட்டன:
சம்பளப் புத்தகம், கூட்டக் குறிப்பு,
மை பரவிய கைநாட்டுகள்.
அவை குடியேற ஒரு மின்களஞ்சியம் நிறுவ வேண்டும்
திங்கள் காலைக்குள்.
இன்று வெள்ளி. மணி எட்டேகால்.
பையில் வாங்கிவந்த தே ஓ ஆறிவிட்டது.

ஜாவா கேட்டது. கொடுத்தேன்.
இது இல்லை, இதற்கு முந்தையது என்றது.
தரவுத்தளம் கேட்டது. தேடுபொறி கேட்டது.
தேடுபொறி தனக்கென்று வேறொரு ஜாவா கேட்டது.
கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள்.
யூனிக்ஸில் கிணறு வெட்டுவதே பூதங்கள்தாம்,
பின்னணியில், கண்ணில் படாமல்,
ஓய்வுநாள் கேட்காமல்.

பிறகு ஒரு பயனரை உருவாக்கினேன்.
அவனுக்கு வீடு கிடையாது. கடவுச்சொல் கிடையாது.
உள்நுழைய வந்தால் ஷெல் கதவைச் சாத்தும்.
ஆனால் ஒவ்வொரு கோப்பும் அவன் பெயரில்,
ஒவ்வொரு அடைவையும் அவன்தான் தாங்க வேண்டும்.
பாதுகாப்புக்கு இதுவே முறை என்கிறது கையேடு.
சன்னலுக்குக் கீழே ஒரு லாரி.
பின்புறத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு
இருபது பேர் காக்கி புக்கிட் பக்கம் போகிறார்கள்.
கட்டளையை அடித்தேன். சரி என்றுகூடச் சொல்லவில்லை,
அடுத்த வரிக்குப் போய்விட்டது.

பத்தரைக்கு முதல் பக்கம் திறந்தது.
வீராசாமி என்று தட்டினேன்.
நாலெழுத்துப் பெயருக்கு
எட்டுக் கேள்விக்குறிகள்.
சம்பளப் புத்தகத்துக் கிராணி
ஒரு மாதம் விரசமி என்றும், மறுமாதம் பிராசாமி என்றும்
மழைக்கால அவசரத்தில் வெறும் வீரா என்றும் எழுதியிருந்தான்.
அவனாவது ஏதோ எழுதினான்.

தரவுத்தளத்தை அழித்தேன்.
யுடிஎஃப் எட்டு என்று ஓதிப் புதிதாய்க் கட்டினேன்.

இப்போது பெயர் வந்தது, கொம்பும் காலும் சிதையாமல்.
படிவம் அடுத்ததைக் கேட்டது: குடும்பப் பெயர்.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், கட்டாயம் என்று.
ஹஸ்லிண்டாவுக்குப் போன் போட்டேன்.
பின்னால் டிவி சத்தம், யாரோ குழந்தை.
“எங்களுக்கும்தான் இல்லை. புள்ளி வை.
வங்கியில் நான் புள்ளிதான் வைத்தேன்” என்றாள்.
வீராசாமிக்குப் புள்ளி வைக்க மனம் வரவில்லை.
நட்சத்திரத்தையே எடுத்தேன்.
ஏதோ ஒரு கோப்பில், ஒரே ஒரு வரி.
அதற்கு மூன்று முறை ‘அனுமதி மறுக்கப்பட்டது’.
ரூட் ஆகி வந்தபின் மறுப்பில்லை.

சோதனைக்கு ஒரு ஆவணம் ஏற்ற வேண்டும். எதுவானாலும் சரி.
மடிக்கணினியில் கைக்கு அகப்பட்ட முதல் பிடிஎஃப்பை இழுத்துப் போட்டேன்.
மே மாதம் எழுதியது. தேதி போடாதது.
மேலாளருக்கு. பணிவன்புடன். என் ராஜினாமா.
ஏற்றுக்கொண்டது.
பொருள் எண் ஒன்று என்றது.
இந்த முகவரி நிலையானது, என்றும் மாறாது என்றது.

நெஞ்சு அடைத்தது. அழித்தால் கோப்பு போகும்,
எண் போகாது. எண்ணி மேலே போன கணக்கு
கீழே இறங்குவதில்லை இங்கே.
இன்னொரு முறை எல்லாவற்றையும் இடித்துக் கட்டலாம்.
மணி பன்னிரண்டேமுக்கால். கடைசி ரயில் போயாயிற்று.

அழிக்காமல் மறைக்க ஒரு வழி இருந்தது.
பொத்தானை அமுக்கினேன்.
ஒன்றைத் தேடி யார் வந்தாலும் இனி
காலிப் பக்கத்தில் ஒரே வரிதான்:
‘திரும்பப் பெறப்பட்டது.’

நான் கொடுக்கவே இல்லை.

காரணம் என்ற கட்டத்தில் சற்று நேரம்
சுட்டி சிமிட்டிக்கொண்டு நின்றது.
அங்கே மட்டும் ஒரு புள்ளி வைத்தேன்.
பிறகு வீராசாமியின் புத்தகத்தை ஏற்றினேன்,
எண் இரண்டாக.